மச்சான் சொன்னதும் நான் சொன்னதும்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
1936 டிசம்பர் 2

அக்கா,

இரண்டு மாதமாக ஒரு வரிகூட எழுதாதவன் இன்று நீளமாக எழுத உட்கார்ந்தால் ஏதோ காரியம் இருக்கிறது என்று உனக்குத் தெரிந்துவிடும். காரியம்தான்.

எங்கள் ஆபீசில் தற்காலிகக் குமாஸ்தாக்கள் இரண்டு பேர், நானும் ராதாகிருஷ்ணனும். புது வருஷத்தில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவார்கள். தட்டெழுத்தில் அவன் என்னைவிட வேகம். டொரத்தியின் அப்பாவோ, வேலை நிரந்தரமானால்தான் ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணம் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் துரைக்கு மீன்பிடிப்பதில் பைத்தியம். போன வாரம் நான் ஃபைலோடு நிற்கும்போது அவர் யாரிடமோ டிரவுட் மீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சீமையின் குளிர்ந்த ஓடைகளில் இருக்கிற மீனை இந்த நாட்டில் தூண்டிலில் பிடித்தேன் என்று ஊருக்கு எழுத அவருக்கு ஆசையாம். என் வாய் சும்மா இருக்கவில்லை. அந்த மீனை வளர்க்கிற மலை ஏரிக்கு என் அக்கா புருஷன்தான் காவல் என்று சொல்லிவிட்டேன். துரை நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்தார். ஒன்றரை வருஷத்தில் அவர் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வருஷக் கடைசியில் நாலு நாள் அங்கே வந்து தங்க விரும்புகிறார். ஏரியை நடத்துகிற மீன்பிடிக் கழகத்தின் அனுமதியை அவரே வாங்கிவிடுவார். நானும் கூட வருவேன். கிரிகரி மச்சானைக் கேட்டுப் பதில் போடு. அவர் முகம் கோணாமல் இருந்தால் எனக்கு அதுவே பெரிய உதவி.

ரபேல்


மலை ஏரி, தாப்பா வழி
1936 டிசம்பர் 11

தம்பி,

உன் கடிதத்தை அவருக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். எழுத்துப் படிக்காதவர் என்றாலும் எந்த வரி எங்கே இருந்தது என்று மறுநாள் சொல்லிவிடுவார். கேட்டு முடித்ததும், "வரட்டும் உர்சுலா. ஆனா ஓடைப் பக்கம் மட்டும் வேணாம்னு எழுது" என்றார்.

அதை உனக்கு விளக்க வேண்டும். இந்த ஏரி பெரிதில்லை. ஒரு கரையில் நின்று கூப்பிட்டால் மறுகரையில் கேட்கும். மேலே காட்டிலிருந்து ஓர் ஓடை வந்து விழுகிறது. அந்த ஓடை வாயில் கயிறு கட்டிப் பலகை மாட்டியிருக்கிறது. அங்கே துரைமார்கூடத் தூண்டில் போடக் கூடாது. மூன்று வருஷத்துக்கு முன்னே சிலோனிலிருந்து இந்த மீனின் முட்டைகளைப் பாசியிலும் ஐஸிலும் பொதிந்து கப்பலில் கொண்டுவந்தார்கள். மலை ஏறுவதற்குள் பாதி வெளுத்துச் செத்துவிட்டன. மிச்சத்தை இவர்தான் பொரிக்க வைத்தார். கைச்சூடு பட்டால் குஞ்சுக்கு ஆகாது என்று முதலில் ஐஸ் தண்ணீரில் கையை முக்கிவிட்டுத்தான் தொடுவார். அந்த நாட்களில் அவர் விரல்கள் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து கிடக்கும்.

இப்போது அவர் முகத்தில் ஏதோ ஒரு சந்தோஷம் தெரிகிறது. என்னவென்று கேட்டால் சிரிக்கிறார். "ரபேல் வரட்டும், அவனுக்குத்தான் மொதல்ல காட்டுவேன்" என்கிறார். படித்தவன் என்று உன்மேல் அவருக்கு அத்தனை பெருமை.

கம்பளி கொண்டுவா. இங்கே தண்ணீர் எலும்புக்குள் போகும்.

உர்சுலா


பிரிக்பீல்ட்ஸ்
1937 ஜனவரி 6

அன்புள்ள அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். துரை காரில் வழி முழுக்க ஏரியைப் பற்றியே பேசினார். காலையில் பனி தண்ணீரைவிட்டு மெல்ல மேலே போகும்போது முதலில் கரையோரத்துப் பெரணிகள், பிறகு பாசி தொங்குகிற மரங்கள், கடைசியில் மலைமுடி என்று ஒவ்வொன்றாக வெளியே வந்ததை டொரத்தியிடம் சொன்னேன். அவள் இன்னும் சொல்லச் சொன்னாள். எனக்கு அதற்குமேல் சொல்ல வரவில்லை.

புது வருஷத்தன்று மத்தியானம் நடந்தது நடந்துவிட்டது. கழகத்தின் காரியதரிசித் துரை இந்த நாட்டுக்கே புதிது. கோபம் நாலு நாளில் ஆறிவிடும். அந்த இடத்தில் என்ன சொல்லக்கூடுமோ அதைச் சொன்னேன். மச்சானை மனம் தளர வேண்டாம் என்று சொல்.

கிளம்பும்போது அவரிடம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. கார் காத்திருந்தது.

ரபேல்


கிள்ளான்
1937 ஜனவரி 20

ரபேல்,

மேலே எழுதியிருக்கிற ஊரைப் பார்த்திருப்பாய். எங்களை அனுப்பிவிட்டார்கள். கிள்ளானில் சந்திரகலா என்று ஒரு புண்ணியவதி, வீட்டுப் பின்பக்கத்தில் ஓர் அறை கொடுத்திருக்கிறாள். அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போகிறார்.

நடந்ததை எனக்குத் தெரிந்தவரை வரிசையாக எழுதுகிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

புது வருஷப் பூசைக்கு அவர் விடியுமுன்னே டவுனுக்கு நடந்தார். உங்களுக்குச் சமைக்க வேண்டுமே என்று நான் நின்றுவிட்டேன். பத்து மணிக்கு உன் துரை ஒன்பது மீனைச் சமையல்கட்டுக்குக் கொடுத்தனுப்பினார். இரண்டு நாளாக ஒன்றும் கிடைக்காத மனுஷனுக்கு ஒரே காலையில் ஒன்பதா என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. முதல் மீனைக் கீறியதும் வயிற்றிலிருந்து முட்டை பொலபொலவென்று கொட்டியது, ஆரஞ்சு நிறத்தில், மணி மணியாக. இரண்டாவதிலும் அப்படித்தான். எறிய மனம் வராமல் ஒரு பேசினில் சேர்த்து வைத்தேன். அவர் பூசையிலிருந்து வந்து பேசினைப் பார்த்தார். தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஓடைக்கு ஓடினார்.

கயிறு அவிழ்ந்து கிடந்ததாம். மீன்கள் முட்டையிடப் பறித்திருந்த குழிகளில் பூட்ஸ் தடம் இருந்ததாம். அந்த நேரத்தில்தான் காரியதரிசி உங்களுக்கு வாழ்த்துச் சொல்ல வந்து சேர்ந்தார். அவருக்கு மலாய்கூடத் தெரியாது. இவர் சொல்லச் சொல்ல நீதான் இங்கிலீஷில் சொன்னாய். நான் எட்ட நின்றேன், எனக்குக் குரல் மட்டும்தான் கேட்டது.

இரண்டாம் நாள் காரியதரிசி அனுப்பிய ஆட்கள் வந்து ஓடையின் கூழாங்கல்லையெல்லாம் மண்வெட்டியால் வாரிச் சுத்தம் செய்தார்கள். இவர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள், இவரே கயிற்றை அவிழ்த்துவிட்டார் என்று வேலையைவிட்டு நீக்கிச் சீட்டு.

அவர் கயிற்றை அவிழ்க்கவில்லை என்பதற்கு நீதான் சாட்சி. காரியதரிசிக்கு இங்கிலீஷில் நாலு வரி எழுது. வேலை திரும்பக் கிடைக்காவிட்டாலும் போகிறது. காவல்காரனே கதவைத் திறந்துவிட்டான் என்ற பேர் மட்டும் அவருக்கு வேண்டாம்.

உர்சுலா


பிரிக்பீல்ட்ஸ்
1937 பிப்ரவரி 2

அக்கா,

எங்கள் தெருப் பக்கிரிசாமி அண்ணன் கிள்ளானுக்கு வருகிறார். அவரிடம் இரண்டு போர்வையும் ஒரு டின் பிஸ்கட்டும் கொடுத்திருக்கிறேன்.

எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. உனக்குச் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

காரியதரிசிக்கு எழுதுவதைப் பற்றி யோசித்தேன். இப்போது எழுதினால் எங்கள் துரையின் பெயரையும் இழுத்ததாகிவிடும். கொஞ்ச நாள் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை வரலாம் என்றிருந்தேன், ஆபீசில் வேலை மிகுந்துவிட்டது.

ரபேல்


கிள்ளான்
1937 பிப்ரவரி 14

ரபேல்,

பிஸ்கட்டைச் சந்திரகலாவின் பிள்ளைகள் தின்றார்கள். கிள்ளான் புழுக்கத்தில் போர்வை எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. மலைக்குப் போவதானால் உதவும்.

வேலை கிடைத்ததற்குச் சந்தோஷம். இதை மனதாரத்தான் எழுதுகிறேன். அவரும் அன்று சந்திரகலாவிடம் போய், "என் மச்சினனுக்கு வேலை பெர்மனண்ட் ஆயிடுச்சி" என்று சொல்லிவிட்டு வந்தார்.

கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு ரயிலில் எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியும். உனக்கு வர நேரமில்லை என்றால் நம்புகிறேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும்.

நேற்றுச் சாப்பிடும்போது அவர் திடீரென்று சொன்னார்: "உர்சுலா, அன்னைக்கு நான் ரொம்ப நேரம் பேசுனேன். ஓடைல என்னா நடந்துச்சி, என்னா செய்யணும்னு எல்லாம் சொன்னேன். ரபேல் தொரைகிட்ட ஒரே மூச்சுலதான் சொன்னான். இங்கிலீஷு அவ்ளோ சுருக்கமான பாஷையா?"

நான் கான்வென்டில் நாலாவது வரை தமிழ்தான் படித்தேன். எனக்கு என்ன தெரியும்? உன்னைக் கேட்டு எழுதுகிறேன் என்று சொன்னேன்.

கேட்டுவிட்டேன்.

உர்சுலா


பிரிக்பீல்ட்ஸ்
1937 பிப்ரவரி 23

அக்கா,

மச்சான் சௌக்கியமா? மழை இங்கே ஓயவில்லை. இந்த இரண்டு வரிக்குப் பிறகு இதை நீ தனியாக வாசி.

கயிற்றை அவிழ்த்தது நான். என் இந்தக் கையால்.

டிசம்பர் 31ஆம் தேதி விடிகாலையில் மச்சான் என்னை எழுப்பி ஓடைக்குக் கூட்டிப்போனார். செருப்பைக் கழற்றச் சொன்னார், சத்தம் கேட்டால் மீன் கலையுமாம். ஒரு பாறைக்குப் பின்னால் இரண்டு பேரும் குப்புறப் படுத்துக்கொண்டோம். முழங்கால் ஆழத் தண்ணீரில் பெரிய பெரிய மீன்கள், உடம்பெல்லாம் புள்ளி, விலாவில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு. ஒரு பெண்மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் கல்லைத் தள்ளித் தள்ளிக் குழி பறித்துக்கொண்டிருந்தது. "பாரு ரபேல், தானாவே முட்டை போட வந்துருக்கு. இனிமே கப்பல்ல எதுவும் வர வேணாம். குஞ்சு வந்தப்புறம்தான் தொரைகிட்ட சொல்லணும்னு இருக்கேன். ஒனக்கு மட்டும் காட்டுறேன்" என்றார். குளிரில் அவர் பல் அடித்துக்கொண்டிருந்தது. சிரித்துக்கொண்டே இருந்தார்.

அன்று சாயங்காலம் துரை வெறுங்கையோடு வந்து, நான் வீணாகக் கூட்டிவந்துவிட்டதாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு ராதாகிருஷ்ணன் ஞாபகம் வந்தது. மறுநாள் மச்சான் பூசைக்குப் போனதும் துரையை ஓடைக்குக் கூட்டிப்போனேன். பலகையைப் பார்த்து, "இங்கே பிடிக்கலாமா?" என்று அவர் கேட்டார். கேட்டார் அக்கா. "என் மச்சான் அனுமதி கொடுத்திருக்கிறார்" என்று சொல்லிவிட்டு நான் முடிச்சை அவிழ்த்தேன்.

பிறகு காரியதரிசி வந்தார். மச்சான் அவர் முன்னால் நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு ஒரு சொல்லும் மறக்கவில்லை: "ஐயா, நான் கயித்த அவுக்கல. பூசைக்குப் போயிருந்தேன். யாரு அவுத்தாங்கன்னு தெரியாது. என்னை வேலைய விட்டு நிறுத்துனாலும் பரவால்ல. ஆனா குழிக்குள்ள இன்னும் முட்டை உயிரோட இருக்கு. கல்ல மட்டும் யாரும் கிளற வேணாம்னு சொல்லுங்க. ஒரு மாசம் அப்படியே விட்டா பொரிச்சுடும்."

காரியதரிசி என்னைப் பார்த்தார். துரையும் என்னைப் பார்த்தார். நான் இங்கிலீஷில் சொன்னது இவ்வளவுதான்: "இவர் மன்னிப்புக் கேட்கிறார். விருந்தாளிக்காக இவரே திறந்துவிட்டாராம்."

மச்சான் எனக்கு நன்றி சொல்வதுபோலத் தலையை ஆட்டினார்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வாயோ சொல்லிவிடு. என்னால் முடியவில்லை.

ரபேல்


கிள்ளான்
1937 மார்ச் 3

ரபேல்,

உன் கடிதம் வந்தபோது அவர் வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் பிரிப்பதைப் பார்த்துவிட்டு, "ரபேல்தானே? வாசி" என்று எதிரில் உட்கார்ந்தார். முதல் இரண்டு வரியை உள்ளபடி வாசித்தேன். அடுத்த வரியில் தனியாக வாசி என்று எழுதியிருக்கிறாய். எதிரில் உட்கார்ந்திருக்கிறவரை வைத்துக்கொண்டு எப்படித் தனியாக வாசிப்பது?

கண் கடிதத்தில் ஓடியது. வாய் வேறு சொன்னது. ஆபீசில் வேலை மிகுந்துவிட்டதாம், கல்யாண வேலை நடக்கிறதாம், காரியதரிசிக்கு எழுதத்தான் போகிறானாம், மச்சான் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். பக்கத்தைத் திருப்பி, மூச்சு வாங்கி, இன்னும் இரண்டு சேர்த்தேன். என் குரல் நடுங்கவே இல்லை. "நல்ல பையன்" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிட உட்கார்ந்தார்.

நீ மலையில் செய்ததை நான் என் வீட்டில் செய்தேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவருக்கு நான் ஒரு கடிதத்தையும் மாற்றி வாசித்ததில்லை. இந்த வாரம் கோயிலில் நற்கருணை வாங்கப் போகவில்லை. தலைவலி என்றேன். அது அடுத்த பொய்.

உன்னை அடிக்க வேண்டும்போல் இருக்கிறது. அம்மா போனபிறகு உன்னை நான்தான் குளிப்பாட்டி விட்டேன். அந்தக் கைதான் இதை எழுதுகிறது.

எப்படிச் சொல்வாயோ சொல்லிவிடு என்று எழுதியிருக்கிறாய். சொல்ல மாட்டேன். நீ வந்து உட்கார்ந்து உன் வாயால் சொல். அவருக்குத் தமிழ் தெரியும், உனக்கும் தெரியும். நடுவில் ஆள் வேண்டியதில்லை.

உர்சுலா


பிரிக்பீல்ட்ஸ்
1937 மார்ச் 10

அக்கா,

காரியதரிசிக்கு எழுதிவிட்டேன். கயிறு, அனுமதி, நான் மாற்றிச் சொன்னது, எல்லாவற்றையும். அதன் நகலை எங்கள் துரையின் மேஜையில் நானே கொண்டுபோய் வைத்தேன். அவர் வாசித்தார். கத்துவார் என்று நின்றேன். "இல்லாத அனுமதியைக் கொடுத்து என்னை மாட்டிவிட்டான் என்று அந்த ஆளை நான் மனதில் திட்டிக்கொண்டிருந்தேனே" என்றார். பிறகு வெளியே போகச் சொன்னார். மறுநாளிலிருந்து எனக்குப் பழையபடி தற்காலிகம்தான், அதுவும் இந்த மாதக் கடைசி வரை. ராதாகிருஷ்ணன் என் நாற்காலிக்கு வந்துவிட்டான். அவன் என்னிடம் மரியாதையாகவே பேசுகிறான்.

டொரத்தியிடமும் சொன்னேன். அவள், "நாளைக்கு எனக்காக நீங்க எங்கயாவது பேசணும்னா, நீங்க பேசுறது என் பேச்சுதானான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். கல்யாணப் பேச்சு அங்கேயே நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறேன்.

ரபேல்


கிள்ளான்
1937 மார்ச் 24

ரபேல்,

நீ போன பிறகு நடந்ததை எழுத வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன்.

நீ சொல்லி முடித்ததும் அவர், "சாப்ட்டுட்டுப் போ" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆற்றுப் பக்கம் போனாரே, திரும்பி வர நேரமாயிற்று. கோபமாக இல்லை. மூன்று நாள் வழக்கம்போல மூட்டை தூக்கப் போனார், வந்தார், சாப்பிட்டார். நாலாம் நாள் உன் பிப்ரவரிக் கடிதத்தைக் கேட்டார்.

"நீ அன்னைக்கு வாசிச்சது இது இல்லதானே?"

இல்லை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன்.

"இப்ப வாசி. எல்லாத்தயும்."

வாசித்தேன். பாறைக்குப் பின்னால் படுத்திருந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். அவர் பேசியதையும் நீ பேசியதையும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு சொன்னார்:

"வேலை போயிடும்னு பயந்துட்டான். பயந்தா மனுசன் பொய் சொல்லுவான், அது எனக்குப் புரியுது. என் மேல பழி போட்டான், அதுகூடப் போவுது. ஆனா முட்டைய பத்தி நான் சொன்னத சொல்லியிருக்கலாமே, உர்சுலா? கல்ல கிளற வேணாம்னு ஒரு வார்த்த. அதுக்கு அவன் வேலை போயிருக்காதே. ஏன் சொல்லல?"

காரியதரிசியின் கடிதம் வந்தது. கோயில் உபதேசியார் வாசித்தார். உன் மச்சான் பேரில் குற்றமில்லை என்று எழுதியிருக்கிறார்கள். வேறு காவல்காரன் வந்துவிட்டானாம். ஓடையில் குஞ்சு ஒன்றும் இல்லையாம்.

இப்போதெல்லாம் எதுவானாலும் உபதேசியாரிடம்தான் எடுத்துப் போகிறார். என்னிடம் தருவதில்லை.

அவர் கேட்ட கேள்வியை அப்படியே எழுதியிருக்கிறேன். பதில் உன்னிடம் இருந்தால் எழுது.

உர்சுலா


பிரிக்பீல்ட்ஸ்
1937 மார்ச் 30

அக்கா,

இதை உபதேசியாரே மச்சானுக்கு வாசிக்கட்டும். யார் கூட இருந்தாலும் சரி.

மச்சான், நீங்கள் சொன்னது எதுவும் அந்தக் கலவரத்தில் என் காதில் ஏறவில்லை என்று முதலில் எழுதினேன். கிழித்துவிட்டேன். எல்லாம் கேட்டது. பயத்தில் மறந்துவிட்டது என்று எழுதினேன். அதையும் கிழித்தேன். அதைச் சொல்வதற்கான இங்கிலீஷ் வார்த்தைகள் அப்போதே என் நாக்கில் இருந்தன.

நீங்கள் அழுதுகொண்டே சொன்னீர்கள். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு, மீன் முட்டைக்காக, இரண்டு துரைமார் முன்னால். நான் சலவைக் கோட்டுப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேன். உங்கள் கெஞ்சலை என் வாயால் இங்கிலீஷில் சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள் என்று பட்டது. உங்களைப் பார்த்துச் சிரிப்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்றுதான்.

அதனால்தான் சொல்லவில்லை. உங்கள் மச்சினன் என்று அங்கே நிற்க வெட்கப்பட்டேன், மச்சான். வேறு காரணம் இல்லை.

ரபேல்